பருவம் கண்ட பேரறிஞர்

நாடு பிடித்தவர்களின் வரலாற்றை நாம் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். யார் எந்தப் போரில் எந்த ஆண்டு வென்றார் என்று தடையின்றி ஒப்பிக்கவும் செய்கிறோம். ஒரு பூச்சி ஏன் வளர்கிறது, வளர்ந்துகொண்டே இருந்தது ஏன் ஒரு நாள் வளர்ச்சியை நிறுத்திச் சிறகு விரிக்கிறது என்று வாழ்நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதரின் வரலாற்றை நமக்கு எவரும் சொல்வதில்லை. உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டிய வரலாறு அது.

அவர் பெயர் வின்சென்ட் பிரையன் விக்கிள்ஸ்வொர்த். தமிழ் நாவில் எளிதில் புரளாத பெயர்தான். ஆனால் பூச்சியியல் பயில்வோர் எவரும் இந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது.

நான் குப்பம் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவன்; திருப்பதியில் விலங்கியல் படிப்பவன். எங்கள் சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பிறந்தது. அதற்கு முன் சித்தூர், வட ஆர்க்காட்டின் தலைநகராக இருந்த ஊர். 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடுகள் இப்படி மாறிக்கொண்டே இருக்கின்றன. வானம் பார்த்த செம்மண்ணும், அதில் விளையும் வேர்க்கடலையும் மாறவில்லை.

முதல் மழை விழுந்ததும் உழவன் விதைக்கிறான். அந்த மழைக்காகவே மண்ணுக்குள் மற்றொரு உயிரும் காத்துக் கிடக்கிறது. அதுதான் சிவப்புக் கம்பளிப்பூச்சி. ஏறத்தாழப் பத்து மாதம் கூட்டுப்புழுவாக மண்ணில் உறங்கி, ஈரம் பட்டதும் அந்துப்பூச்சியாக வெளிவந்து, இலைகளில் கூட்டங்கூட்டமாக முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வந்த புழுக்கள் ஒரு வயலை மொட்டையடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் படைபோல நடக்கின்றன. இரவில் வயல் வெளியில் தீ மூட்டி அந்துகளை அழைத்து எரிப்பதும், வயலைச் சுற்றிப் பள்ளம் வெட்டிப் புழுக்களைத் தடுப்பதும் நம் பக்கத்து உழவர்கள் நெடுநாளாகச் செய்து வருபவை.

இந்தப் புழுவுக்கு நாள் குறித்துக் கொடுத்தவர் யார்? எப்போது தோலுரிக்க வேண்டும், எப்போது கூடு புக வேண்டும், எப்போது சிறகு விரிக்க வேண்டும் என்பதை எந்த நாட்காட்டியைப் பார்த்து அது அறிந்துகொள்கிறது? இந்தக் கேள்விக்கு விடையின் கதவைத் திறந்தவர்களுள் முதன்மையானவர் விக்கிள்ஸ்வொர்த்.

இளமையும் கல்வியும்

1899-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் இங்கிலாந்து நாட்டில் லங்காஷயர் பகுதியைச் சேர்ந்த கிர்க்கம் என்னும் சிறு நகரில் அவர் பிறந்தார். தந்தை மருத்துவர். ரெப்டன் பள்ளியில் படித்துக் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்துக் கீஸ் கல்லூரிக்கு உதவித்தொகை பெற்றார். கல்லூரி வாழ்வை முதல் உலகப் போர் குறுக்கிட்டது. பீரங்கிப் படையில் சேர்ந்து பிரான்சு நாட்டுப் போர்முனைக்குச் சென்றார், உயிரோடு திரும்பினார். அவர் வயதை ஒத்த இளைஞர் எத்தனையோ பேர் திரும்பவில்லை.

கேம்பிரிட்ஜில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் உயிர்வேதியியலின் தந்தைகளுள் ஒருவராகிய ஹாப்கின்ஸ். அங்கே ஹால்டேனுடன் சேர்ந்தும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார். அந்த ஹால்டேனை நாம் அறிவோம். 1957-இல் இந்தியாவுக்கு வந்து, இந்நாட்டுக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த அறிஞர் அவர். விக்கிள்ஸ்வொர்த்தோ லண்டன் புனித தாமசு மருத்துவமனையில் பயின்று மருத்துவரானார். நோயாளிகளைப் பார்த்துப் பொருளீட்டி நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். 1926-இல் பாட்ரிக் பக்ஸ்டன் என்ற பேராசிரியர் அவரை லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்கு அழைத்தார். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க வேண்டுமானால் முதலில் பூச்சியின் உடல் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய வேண்டும் என்பது பக்ஸ்டனின் எண்ணம். மருத்துவர் பூச்சிகளிடம் வந்து சேர்ந்தார். வந்தவர் திரும்பிப் போகவே இல்லை.

தலையற்ற பூச்சி சொன்ன செய்தி

அவர் தேர்ந்தெடுத்த பூச்சி ரோட்னியஸ் என்பது. தென் அமெரிக்காவில் குடிசைச் சுவர்களில் வாழ்வது. நம் மூட்டைப்பூச்சியைப் போல இரத்தம் குடிப்பது. சாகசு நோய் என்னும் கொடிய நோயைப் பரப்புவது. அருவருத்து நசுக்கிவிடும் உயிர்தான். அதனிடம் ஓர் அரிய ஒழுங்கு இருந்தது. முட்டையிலிருந்து வந்தபின் ஐந்து இளம்பருவங்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரே ஒரு வயிறார்ந்த உணவு. உண்டபின் இத்தனை நாளில் தோலுரிக்கும் என்று கணக்கிட்டுச் சொல்லலாம். நான்கு முறை உரிக்கும்போது பெரிய குஞ்சாகிறது. ஐந்தாம் முறை உரிக்கும்போது சிறகு முளைத்த முழுப்பூச்சியாகிறது.

விக்கிள்ஸ்வொர்த் செய்த சோதனை எளிது. உணவு கொடுத்தபின் ஒவ்வொரு நாளும் சில பூச்சிகளின் தலையை வெட்டிக் கழுத்தை மெழுகால் அடைத்தார். தலை போனால் உயிர் போகும் என்பது மனிதர் கணக்கு. இந்தப் பூச்சியோ தலையின்றி ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருந்தது! நான்காம் பருவத்தில் உண்ட நான்கு நாளுக்குள் தலையை இழந்தவை தோலுரிக்கவே இல்லை. அதற்குப்பின் இழந்தவை தலையில்லாமலே தோலுரித்தன. ஐந்தாம் பருவத்தில் இந்தக் கெடு ஏறத்தாழ ஒரு வாரம். ஆகவே தலையிலிருந்து ஏதோ ஒரு செய்தி குறித்த நாளில் உடலுக்குச் செல்கிறது. சென்றுவிட்ட பிறகு தலை தேவையில்லை.

அந்தச் செய்தி எந்த வழியாகச் செல்கிறது? கெடுவுக்கு முன் தலை இழந்த பூச்சியையும் கெடுவுக்குப் பின் இழந்த பூச்சியையும் கழுத்தோடு கழுத்து ஒட்டினார். ஒன்றின் குருதி மற்றொன்றில் பாய்ந்தது. உரிக்க மாட்டாதது உரித்தது. செய்தி குருதியில் மிதந்து வரும் ஒரு நீர், அதாவது ஒரு ஹார்மோன், என்பது தெளிவாயிற்று.

அடுத்த சோதனைதான் என்னை வியப்பில் ஆழ்த்தியது. முட்டையிலிருந்து வந்து முதற் பருவமே கடக்காத குஞ்சின் தலையை நீக்கி, முதிரப்போகும் ஐந்தாம் பருவப் பூச்சியோடு இணைத்தார். அந்தக் குஞ்சு இடைப்பட்ட பருவங்களையெல்லாம் தாண்டி ஒரே பாய்ச்சலில் குட்டி முழுப்பூச்சியாக மாறியது. இதற்கு எதிரான சோதனையும் செய்தார். இளங்குஞ்சின் தலையில் மூளைக்குப் பின்னுள்ள ஒரு சிறு சுரப்பியை எடுத்து ஐந்தாம் பருவப் பூச்சிக்குள் வைத்தார். முழுப்பூச்சியாக வேண்டிய அது, இயற்கையில் இல்லாத ஆறாம் பருவக் குஞ்சாயிற்று. ஆக, தோலை உரி என்று ஆணையிடும் நீர் ஒன்று. இன்னும் குழந்தையாகவே இரு என்று தடுக்கும் நீர் மற்றொன்று. இரண்டாவதை அவர் இளமை ஹார்மோன் என்று அழைத்தார்.

இந்த முடிவுகள் 1934 முதல் 1940 வரை வந்த அவருடைய கட்டுரைகளில் உள்ளன. அவற்றில் அவருடைய பண்பும் தெரிகிறது. உரிக்கச் சொல்லும் ஆணையும் அந்தச் சிறு சுரப்பியிலிருந்தே வருகிறது என்று முதலில் கருதினார். பின்னர்த் தம் சோதனைகளே வேறு சொன்னபோது, ஆணையின் பிறப்பிடம் மூளையில் உள்ள சில உயிரணுக்களே என்று தாமே திருத்தி எழுதினார். மூளைக்கு இதில் பங்குண்டு என்பதைப் போலந்து நாட்டு அறிஞர் ஸ்டெஃபான் கோபெச் 1917-க்கும் 1922-க்கும் இடையிலேயே கம்பளிப்புழுக்களில் காட்டியிருந்தார். அந்த நல்லறிஞர் 1941-இல் வார்சா நகருக்கு அருகே ஜெர்மானியப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார். அறிவின் வரலாற்றில் குருதிக் கறை படிந்த பக்கங்களும் உண்டு.

பின்னாளில் இளமை ஹார்மோன் போன்ற பொருளைத் தொட்டு, ஒரு பூச்சியின் வயிற்றில் தம் பெயரின் முதலெழுத்துக்களை எழுதினார் விக்கிள்ஸ்வொர்த். பூச்சி முழுவளர்ச்சி பெற்றபோது எழுத்துப் பட்ட இடம் மட்டும் குஞ்சின் தோலாகவே நின்றது. பருவம் என்பது உடலின் ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியே எடுக்கப்படும் முடிவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சாம்பலும் நஞ்சும்

1939-இல் அவர் எழுதிய பூச்சி உடலியல் நூல் வெளிவந்தது. 1972 வரை ஏழு பதிப்புகள் கண்ட அந்நூல் அத்துறைக்கு அடிப்படை நூலாயிற்று. அந்த ஆண்டே ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943-இல், பிரிட்டிஷ் வேளாண் ஆராய்ச்சிக் குழு அவர் தலைமையில் பூச்சி உடலியல் பிரிவு ஒன்றை அமைத்தது. 1945-இல் அவர் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார். 1952 முதல் 1966 வரை பேராசிரியராக விளங்கினார். 1964-இல் சர் பட்டம் பெற்றார்.

போர்க்காலத்தில் அவர் கண்ட ஓர் உண்மை நம் வீட்டு அடுக்களைக்கே உரியது. விதைப் பயறில் சாம்பல் கலந்து வைப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பூச்சியின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. உடலின் நீர் வெளியேறாமல் காப்பது அதுவே. நுண்ணிய தூள் அப்படலத்தைக் கீறிவிட்டால் பூச்சி வறண்டு மடிகிறது. இதை அவர் சோதனையால் நிறுவினார். ஒரு துளி நஞ்சும் இதற்குத் தேவைப்படவில்லை.

அதே காலத்தில்தான் டி.டி.டி. உலகை மயக்கியது. அதன் பூச்சிக்கொல்லும் ஆற்றலை 1939-இல் கண்ட பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்தது. கொசுவும் பேனும் ஒழிந்தன. பல்லாயிரம் உயிர்கள் காக்கப்பட்டன. அதை எவரும் மறுக்க இயலாது. எல்லோரும் அதைப் பாராட்டிக்கொண்டிருந்த 1945-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க இதழ் ஒன்றில் விக்கிள்ஸ்வொர்த் எச்சரிக்கை எழுதினார். அம்மருந்து நண்பனையும் பகைவனையும் ஒன்றாகக் கொல்லும்; பூச்சியைத் தின்னும் பூச்சிகள் மடிந்தால் பழத்தோட்டங்களில் சிலந்திப் பேன் பெருகும்; இயற்கையின் சமநிலை குலையும் என்பதே அதன் கருத்து. ரேச்சல் கார்சன் அம்மையாரின் புகழ்பெற்ற நூல் வெளிவந்தது 1962-இல். பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே ஆபத்தைக் கண்டவர் இவர். பூச்சி ஒழிப்புக்கே சம்பளம் வாங்கியவர் பூச்சிகளுக்காக வழக்காடினார் என்பதை எண்ணிப் பாருங்கள்!

திறவுகோலும் பூட்டும்

அவர் கண்ட உண்மையைப் பிறர் வளர்த்தனர். ஜெர்மனியில் புட்டேனாண்டும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து வெறும் 25 மில்லிகிராம் தோலுரி ஹார்மோனை 1954-இல் பிரித்தெடுத்தனர். அமெரிக்காவில் கேரல் வில்லியம்ஸ் 1956-இல் ஓர் அந்துப்பூச்சியிலிருந்து இளமை ஹார்மோன் செறிந்த எண்ணெயை எடுத்தார். பூச்சியை அதன் சொந்த ஹார்மோனாலேயே வெல்லலாம். அதற்கு எதிர்ப்பு வளர்க்கவும் அதனால் முடியாது என்று அவர் நம்பினார். அந்நம்பிக்கை பொய்த்தது. ஆனால் அந்தத் தோல்வியே ஒரு பரிசைத் தந்தது. ஹார்மோன் மருந்துக்கு அஞ்சாத பழ ஈ ஒன்று 1986-இல் அறிவிக்கப்பட்டது. அதில் பழுதுபட்டிருந்த மரபணுதான் இளமை ஹார்மோன் வந்து பொருந்தும் பூட்டு என்று பின்னர்த் தெரிய வந்தது.

இங்கே நம் மாவட்டத்தின் சிக்கலைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வேர்க்கடலையும் தக்காளியும் மல்பெரியும் அடுத்தடுத்த வயல்கள். ஒருவர் கொல்ல நினைப்பதும் புழு. மற்றவர் வளர்ப்பதும் புழு. இரண்டிலும் ஓடுவது ஒரே ஹார்மோன். பட்டுப்புழுவின் கடைசிப் பருவத்தில் இளமை ஹார்மோனைச் சிறிதளவு கொடுத்தால் அது இன்னும் சில நாள் தின்று பெருத்து மிகுந்த பட்டு நூற்கும். அளவு மீறினால் கூடே கட்டாது. வட இத்தாலியில் 1980-களின் இறுதியிலிருந்து, பழத்தோட்டங்களில் தெளித்த இத்தகைய மருந்து மல்பெரி இலையில் படிந்து, பட்டுப்புழுக்கள் கூடு கட்டாமல் போயின. வெள்ளை ஈக்கு நாம் தெளிக்கும் பைரிப்ராக்சிஃபென்னும் இந்த இனத்து மருந்தே. என் சித்தப்பாவின் பட்டுமனையில் ஒரு முறை புழுக்கள் தின்றன, தின்றன, கூடு கட்டாமலே மடிந்தன. பக்கத்து வயலில் என்ன தெளித்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அந்த ஆண்டு என் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கினோம் என்பது மட்டும் தெரியும்.

மற்றொன்றும் கவனிக்க வேண்டும். இளமையை நீட்டும் மருந்து கொசுவுக்கு ஏற்றது. கடிப்பது முழுவளர்ச்சி பெற்ற கொசு அல்லவா? கம்பளிப்புழுவுக்கோ அது பொருந்தாது. அழிவு செய்வதே அதன் இளமைதான். இளமையை நீட்டினால் இன்னும் அதிகம் தின்னும். உழவனுக்கு வேண்டியது அதன் இளமையைச் சுருக்கும் வழி. விக்கிள்ஸ்வொர்த்தின் கையில் முதற் பருவக் குஞ்சு ஒரே பாய்ச்சலில் குட்டி முழுப்பூச்சியானதே, அந்த வழி!

அதற்கு மரபணுக்கள் இடம் தருகின்றன. இளமை ஹார்மோன் பூட்டில் பொருந்தியதும் ஒரு மரபணு விழித்து உடலை இளமையிலேயே நிறுத்துகிறது. அது ஓய்ந்தால் வேறொரு மரபணு கூட்டுப்புழுப் பருவத்தையும், பிறிதொன்று முழுப்பூச்சிப் பருவத்தையும் கொண்டுவருகின்றன. ஒரு மரபணுவின் ஆணை, ஆர்.என்.ஏ. என்ற நகலாக உயிரணுவுக்குள் செல்கிறது. அதே எழுத்துக்களைக் கொண்ட இரட்டை இழை ஆர்.என்.ஏ.யை உள்ளே செலுத்தினால், உயிரணு அதை ஏறத்தாழ 21 எழுத்துத் துண்டுகளாக நறுக்கி, அவற்றைக் கொண்டு அந்த நகலைத் தேடி அழித்துவிடுகிறது. மரபணு அப்படியே இருக்கும். அதன் சொல் எடுபடாது. 1998-இல் இதை விளக்கிய ஃபயர், மெல்லோ இருவரும் 2006-இல் நோபல் பரிசு பெற்றனர். நம் வீட்டு மாவு டப்பாவில் ஊரும் செவ்வண்டில் இளமை ஹார்மோனின் பூட்டை இவ்வழியில் அடக்கியபோது, புழு வளரும் முன்பே கூட்டுப்புழுவாயிற்று. அது 2007-இல் வெளியான ஆராய்ச்சி. 1934-இல் கத்தியாலும் மெழுகாலும் செய்ததை எழுபது ஆண்டு கழித்து எழுத்துக்களால் செய்தார்கள்.

இதன் சிறப்பு, எழுத்துக்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது. கம்பளிப்புழுவில் இருந்து பட்டுப்புழுவில் இல்லாத எழுத்துத் தொடரை எடுத்துக்கொண்டால், ஒன்றை வீழ்த்தி மற்றொன்றைக் காக்க முடியும். நண்பனையும் பகைவனையும் பிரித்தறியாத மருந்தைக் கண்டு 1945-இல் வருந்தியவருக்கு இதைவிட ஏற்ற விடை ஏது?

ஆயினும் மயங்கிவிடக் கூடாது. வண்டுகளில் எளிதாகச் செல்லும் இவ்வழி, அந்துப்பூச்சிகளின் புழுக்களில் தடுமாறுகிறது. அவற்றின் குடற்சாறு ஆர்.என்.ஏ.யை விரைவில் சிதைத்துவிடுகிறது. அமெரிக்காவில் 2023-இன் இறுதியில் ஒப்புதல் பெற்ற முதல் தெளிப்பு மருந்து உருளைக்கிழங்கு வண்டுக்கு உரியது. அதுவும் வளர்ச்சி மரபணுவைக் குறிவைத்ததன்று. நம் வேர்க்கடலைப் புழுவுக்கு இன்னும் நெடுந்தொலைவு நடக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

1994-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தம் தொண்ணூற்று நான்காம் வயதில் விக்கிள்ஸ்வொர்த் மறைந்தார். ஓய்வு பெற்றபின்னும் ஆராய்ச்சியை விடாதவர் அவர். பெருஞ்செலவுக் கருவிகள் அவரிடம் தொடக்கத்தில் இல்லை. ஒரு கத்தி, சிறிது மெழுகு, உருப்பெருக்கி, நாள் தவறாத பொறுமை, இவையே அவருடைய செல்வம். நம் ஆய்வுக்கூடத்தில் இது இல்லை, அது இல்லை என்று நாம் குறைபடும்போதெல்லாம் எனக்கு அந்தத் தலையற்ற பூச்சிதான் நினைவுக்கு வருகிறது.

தோழர்களே! வேங்கட மலையின் அடிவாரத்தில் 1954 முதல் ஒரு பல்கலைக் கழகமும், 1961 முதல் ஒரு வேளாண் கல்லூரியும் இருக்கின்றன. மலைக்கு அப்பால் வேர்க்கடலை வயல்கள் இருக்கின்றன. இடையில் உள்ள தூரம் பேருந்தில் சில மணி நேரம். அறிவில் பல ஆண்டுகள். கம்பளிப்புழு எந்த நாளில் எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று குறித்து வைக்க மரபணுக் கருவி வேண்டியதில்லை; கண்ணும் குறிப்பேடும் போதும். எந்த மருந்து பூச்சியின் எந்தப் பருவத்தைத் தாக்கும், மல்பெரி வயலுக்கு எவ்வளவு தள்ளித் தெளிக்க வேண்டும் என்பவற்றைத் தமிழிலும் தெலுங்கிலும் நம் வீட்டாருக்குச் சொல்ல நம்மைவிடத் தகுந்தவர் யார்? புதிய மருந்து வரும்போது, அது எந்தப் பூச்சியை விட்டுவைக்கும் என்ற கேள்வியை முதலில் கேட்கக் கற்றுக்கொள்வோம். விக்கிள்ஸ்வொர்த் கேட்ட கேள்வி அது. வரும் விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.